ஒருவகைப் பறவை

நம் பாடநூல்களிலும் உரைநூல்களிலும் அடிக்கடி இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. பாடலில் ஒரு புள்ளின் பெயர் வந்தவுடன் அடிக்குறிப்பில் 'ஒருவகைப் பறவை' என்று எழுதப்பட்டிருக்கும். மரமாயின் 'ஒருவகை மரம்'. மீனாயின் 'ஒருவகை மீன்'. ஆசிரியர் அதனை அப்படியே வகுப்பில் கூறுவார். மாணவர் அப்படியே குறித்துக்கொள்வர். தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். பல்லாண்டுகளாக நாமும் இவ்வாறே நடத்தி வந்தோம். அதில் குறையொன்று இருப்பதாக நமக்குத் தோன்றியதே இல்லை.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதி அம்மூவனார் பாடியது. அதனுள் வெள்ளாங்குருகுப் பத்து என ஒன்றும், சிறுவெண்காக்கைப் பத்து என ஒன்றும் உள்ளன. ஒரு பறவையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பத்துப் பத்துப் பாடல்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன என்றால், அப்பறவை அப்புலவர்க்கும் அவர்தம் கேட்போர்க்கும் எத்துணை அணுக்கமானதாய் இருந்திருக்க வேண்டும்! அப்பகுதியை நடத்தி, வழக்கம்போல் 'ஒருவகைப் பறவை' என்று சொல்லி முடித்தபோது, கடலோர ஊரிலிருந்து வந்து பயிலும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "எந்த வகை ஐயா?" என்று வினவினார். நாம் விடை கூறவில்லை. மணி அடித்தது நமக்கு உதவியாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எம்.ஃபில். பட்டத்திற்கு அளித்த ஆய்வேடு நெய்தல் திணையின் கருப்பொருள் பற்றியது. அதில் புள் என்னும் தலைப்பில் ஓர் இயல் முழுதும் உண்டு. எப்புலவர் எப்பறவையை எத்தனை இடத்தில் பாடினார் என்று அட்டவணையிட்டு, உள்ளுறை, இறைச்சி எனப் பகுத்து எழுதியிருந்தோம். வாய்மொழித் தேர்விலும் பாராட்டே கிடைத்தது. அவ்வியலில் இடம்பெற்ற பறவைகளுள் ஒன்றையேனும் அதன் கரையில் நின்று நாம் கண்டிருக்கிறோமா என்று தேர்வாளரும் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. எம்.ஃபில். என்னும் பட்டமே 2022ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த ஏடு நூலகத்தின் மேல்தட்டில் இருக்கிறது, இருக்கட்டும்.

அம்மாணவியின் வினாவே நம்மைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்றது எனலாம். 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், பங்குனி முடியும் தறுவாயில், மாணவர் இருபதின்மருடன் இரு சிற்றுந்துகளில் புறப்பட்டோம். புறப்படுமுன், கல்லூரியின் நலம் நாடும் பெரியவர் ஒருவர், "தமிழ்த்துறைக்குப் பறவை எதற்கு? விலங்கியல் துறைதான் இருக்கிறதே" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நாம் இத்தனை ஆண்டுகள் நடத்திய முறை அவரை அப்படித்தான் கேட்கச் செய்யும்.

வேதாரணியம் தாண்டி அகத்தியம்பள்ளி வரும்போதே இருபுறமும் உப்பளங்கள் தொடங்கிவிடுகின்றன. 1930ஆம் ஆண்டில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிச் சிறை புகுந்த மண் அது. அதற்கப்பால் காடும் சதுப்பும் கடலும் கூடுமிடமே கோடியக்கரை. மாணவியர் சிலர் 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியை நினைத்துக்கொண்டு வந்தனர். மாணவர் பலர்க்குப் பூநாரையைப் படம் பிடிக்க வேண்டும் என்னும் ஆசை. நமக்கோ உள்ளானைக் காண வேண்டும் என்னும் எண்ணம். அதற்கொரு காரணம் உண்டு, பின்னர்க் கூறுவோம்.

கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில், பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது; தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. பரப்பு 38,500 எக்டேர். ஆவணி, புரட்டாசி தொடங்கி இங்கு வந்து சேரும் கரைப்பறவைகள் பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புகின்றன. மழைக்காலத்தில் கூட்டம் மிகுதி என்பதால் பார்வையாளர் அப்போதே வருவர். ஆயினும் பங்குனிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதை அங்குச் சென்றபின்னரே அறிந்தோம்.

நம்முடன் வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர்ப் பெரியவர்; பறவைகளுக்குக் கால்வளையமிடும் பணியில் முன்னர் உதவியாளராக இருந்தவர். உப்பளத்தை அடுத்த ஆழமற்ற நீர்ப்பரப்பின் ஓரத்தில் எங்களை அமரச் செய்து, பேசாதிருக்கப் பணித்தார். விடியல் வெளிச்சம் பரவியபோது, சேறு என்று நாம் எண்ணியிருந்தது அசைந்தது. அத்தனையும் பறவைகள். சாம்பல் நிறச் சிறுபறவைகளுக்கு இடையே செங்கல் நிறத்தில் சில நின்றன. வேறு இனம் போலும் என்று நினைத்தோம். "எல்லாம் ஒண்ணுதான் சார். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உடுப்பு மாத்திக்குது" என்றார் பெரியவர்.

அது வளைமூக்கு உள்ளான். இங்குத் தங்கியிருக்கும் காலமெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாய் இருந்துவிட்டு, திரும்பும் காலத்தில் முகமும் மார்பும் வயிறும் சிவந்துவிடுகின்றன. சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீவகற்பத்தை ஒட்டிய பனிவெளியில் அது முட்டையிடுகிறது. கோடியக்கரையிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் 7,000 கிலோமீட்டருக்கு மேல். அங்குக் கோடை மிகக் குறுகியது. ஆகவே துணை தேடுவதற்குரிய கோலத்தை வழியிலேயே பூண்டுகொண்டு செல்கிறது. நம் கரை அதற்கு உண்டி கொடுக்கும் இடம். செலவுக்கு ஆயத்தம் செய்யும் இடமும் அதுவே. புறப்படுமுன் சேற்றிலுள்ள புழுக்களையும் சிற்றுயிர்களையும் இடையறாது உண்டு உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றது. அக்கொழுப்பே வழிச்சோறு. அந்தச் சில வாரங்களில் அதனைக் கலைத்து விரட்டினாலோ, சேற்றில் இரை குறைந்தாலோ, பயணத்தில் எங்கேனும் அந்தக் குறை தலைகாட்டியே தீரும்.

அதனினும் சிறியது கொசு உள்ளான். அதன் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடையை ஒத்தது. அதுவும் வடதுருவத்தை ஒட்டிய நிலத்திற்கே செல்கிறது. பட்டாணி உப்புக்கொத்திகளோ திபெத்துப் பீடபூமி போன்ற உயர்நிலங்களுக்குச் செல்வன. பட்டைவால் மூக்கன் என்னும் இனத்தில் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, 2022ஆம் ஆண்டில், அலாசுகாவிலிருந்து ஆசுதிரேலியாவின் தாசுமேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்ததை அதன்மீது பொருத்திய கருவி காட்டியது. அவ்வினப் பறவைகள் நம் கரைக்கும் வருவதுண்டு.

ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் எவ்வாறு பகையின்றி உண்கின்றன என்று மாணவர் ஒருவர் கேட்டார். பெரியவர் அலகுகளைக் காட்டினார். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு ஆழத்தில் உள்ளதைத் தேடும். மூக்கனின் நேரலகும் ஆழம் போகும். உள்ளான்கள் மேற்சேற்றைத் துளாவும். உப்புக்கொத்தி சற்று ஓடி, நின்று, கண்ணால் கண்டதைக் கொத்தும். உப்புக்கொத்தி என்னும் பெயரில் அதன் இடமும் தொழிலும் அடங்கியிருப்பதை மாணவர் தாமே கண்டுகொண்டனர். பவளக்காலி, பச்சைக்காலி என்பவற்றிற்கு உரையே வேண்டியதில்லை. கோட்டான் என்றவுடன் மாணவர் சிரித்தனர். அவர்களுக்கு அது ஆந்தை. அகராதியும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் கடற்கரையில் கோட்டான் என்பது இந்த வளைந்த அலகுடைய பறவைதான். கோடுதல் என்றால் வளைதல். அதனால் வந்த பெயராகலாம் என்பது நம் ஊகம். இப்படியொரு ஊகம் செய்வதற்குத் தமிழாசிரியன் ஒருவன் அந்தச் சேற்றோரம் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

அகநானூற்றில் பரணர் கூறும் செய்தி ஒன்று அவ்விடத்தில் நினைவிற்கு வந்தது. பறவைகளுக்குக் காவலனாய் விளங்கிய ஆஅய் எயினன் மிஞிலியொடு பொருது களத்தில் வீழ்ந்தபோது, பறவைகள் திரண்டு வந்து அவன் உடலின்மேல் வெயில் படாதவாறு சிறகுகளால் நிழல் செய்தன என்பது அச்செய்தி. அங்கு வரும் 'வம்பப் புள்' என்னும் தொடருக்குப் புதிய பறவை என்று பொருள் எழுதி வந்துள்ளோம். வம்பு என்றால் புதுமை; புதிதாய் வந்து சேர்ந்த பறவை, வலசை வந்த பறவை. சத்திமுற்றப் புலவரும் தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடத்தன்றோ தம் வறுமையைச் சொல்லி அனுப்பினார்? அது பங்குனித் திரும்புதலே. வலசையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அறியாதவர் நாம்.

இனி, உள்ளானைக் காண விரும்பிய காரணத்திற்கு வருவோம்.

கதிரவன் மேலேறிய பின்னர் உப்பளப் பாத்திகளின் வரப்பு வழியே நடந்தோம். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நம் தொப்பியையும் மாணவியரின் முக்காட்டையும் கண்டவர், இயல்பாக, "என்ன பாய், உள்ளான் வாங்க வந்தீங்களா? இப்பல்லாம் யாரும் புடிக்கிறதில்ல. கேசு போட்டுருவாங்க" என்றார்.

மாணவர் திகைத்தனர். நாம் திகைக்கவில்லை. நம் இளமைக்காலத்தில், கீழைத் தஞ்சை மாவட்டத்தில், விடியற்காலையில் சிறகு கட்டிய உள்ளான்களைக் கூடையில் வைத்து விற்று வருவர். நன்னி அவற்றைத் தடவிப் பார்த்து, கொழுத்ததாய்ப் பொறுக்குவார். பங்குனி உள்ளானில்தான் நெய்ப்பதம் இருக்கும் என்பார். அறுத்து, மிளகிட்டு வறுத்த அக்கறியின் மணம் இப்போதும் நினைவில் உள்ளது. நம் சமூகத்தார் வீடுகளில் மட்டுமன்று, அவ்வூரின் எல்லா வீடுகளிலும் அது விருந்துக்குரிய பண்டமாகவே இருந்தது. நன்னி போற்றிய அந்த நெய்ப்பதம் தைமிர் வரை செல்வதற்கான வழிச்சோறு என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாற்பது வயது கடந்து, அந்த வரப்பில் நின்றபோதுதான் தெரிந்தது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் மறைவாக விற்பனை நடப்பதையும், விருந்தினர்க்கு அதனைப் பரிமாறுவதைப் பெருமையாகக் கருதுவோர் இருப்பதையும் இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள் அறிவார்கள். ஆகுமானதா, ஆகாததா என்னும் மார்க்க வினாவிற்குள் நாம் புகவில்லை. அதற்குரிய அறிஞர் உளர். உண்ணத் தக்க பறவையாயினும் அழியும் நிலையில் இருப்பதை உண்ண வேண்டுமா என்பதே நம் வினா. உள்ளானை விடுத்தால் நம் விருந்தில் குறைவதொன்றும் இல்லை.

இங்கே ஒரு சிறுவனின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1896இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமாவின் வீட்டில் வளர்ந்தவர் சலீம் அலி. சுமார் பத்து வயதில் காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இப்படியொரு குருவியை முஸ்லிம் உண்ணலாமா என்னும் ஐயத்துடன் அதனை மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் எடுத்துச் சென்றார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னதோடு, பேழைகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் சலீம் அலி இதனைக் கூறியுள்ளார். "உண்ணலாமா?" என்று புறப்பட்ட வினா, போகும் வழியில் "இது என்ன பறவை?" என்று மாறியது. அம்மாற்றமே இந்தியப் பறவையியலின் தலையாய அறிஞரை நமக்குத் தந்தது.

அவர் பெரிதும் விரும்பிய இடங்களுள் கோடியக்கரையும் ஒன்று. அக்கழகத்தார் 1980களில் அங்குத் தங்கி ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் இட்டுப் பறக்கவிட்டனர். எங்கேனும் எவரேனும் அவ்வளையத்தைக் கண்டு எழுதினால் பறவையின் வழி தெரியவரும். பறவைக்கு ஊறு நேராமல் பிடிக்கும் கலையில் அக்கழகத்திற்குத் துணை நின்றோர் பீகாரைச் சார்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரை முஸ்லிம் வலைஞர்கள். அவர்களுள் அலி உசேன் பெரும்புகழ் பெற்றவர். தலைமுறை தலைமுறையாய்ச் சந்தைக்குப் பறவை பிடித்த கைகள் அவை. நம் வழிகாட்டிப் பெரியவரும் தம் தந்தையார் உள்ளான் பிடித்தவர்தாம் என்று கூச்சமின்றிச் சொன்னார்.

அன்று அவர் சொன்ன மற்றொன்று வருத்தம் தருவது. கூட்டத்தைப் பத்துப் பத்தாய் எண்ணி, அதையே நூறாய்ப் பெருக்கிக் கணக்கிடும் முறையை மாணவர்க்குக் கற்றுக்கொடுத்த பின், "நீங்க இதுக்கே வாயப் பொளக்குறீங்க. நான் சின்ன வயசுல பாத்தது இதுல எத்தனையோ மடங்கு" என்றார். முதுமையில் எல்லாரும் கூறும் பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. கோடியக்கரையிலும் கிழக்குக் கரையிலும் கரைப்பறவைகளின் தொகை பெரிதும் குறைந்துவிட்டதை, அங்கேயே பல்லாண்டு ஆய்ந்த எஸ். பாலச்சந்திரன் 2006இல் வெளிவந்த கட்டுரையில் எழுதியுள்ளார். காவிரியின் கடைமடை வழியே சதுப்பில் வந்து கலந்த நன்னீர் குறைந்தது. தொழில்முறை உப்பளங்கள் பெருகி நீரின் உவர்ப்பு மாறியது. உவர்ப்பு மிகுந்தால் சேற்றுப் புழுவும் சிற்றுயிரும் அழிகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதியைச் சிதைத்துச் சென்றது. உள்ளான் கறி மட்டுமே இவ்வழிவிற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆற்றுநீரும் ஆலைக்கொள்கையும் நம் கையில் இல்லை. நம் வீட்டுச் சட்டி நம் கையில் இருக்கிறது.

அந்த அம்மையாரிடம் திரும்பச் சென்றோம். வாங்க வரவில்லை, பெயர் கேட்க வந்தோம் என்றதும் அவர் முகம் மாறியது. வாருபலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, நீர்ப்பரப்பை நோக்கிக் கைநீட்டி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நடையைக் கொண்டும் குரலைக் கொண்டும் அவர் பிரித்துக் காட்டிய நுட்பம், தொலைநோக்கி வைத்திருந்த நமக்கு வாய்க்கவில்லை. மாணவியர் எழுதிக்கொண்டே வந்தனர். வினா எழுப்பிய அம்மாணவி மட்டும் இரண்டு பெயர்களுக்குத் தம் ஊரில் வேறு சொல் வழங்குவதாக அவரிடம் வாதிட்டார். பத்து நிமிடம் அவ்விருவரும் பேசிக்கொண்டதில் நமக்கு இடமே இருக்கவில்லை.

இத்துறையில் முன்னோடிகளே இல்லை என்று கூறிவிட முடியாது. அரசுப் பணியில் இருந்துகொண்டே பி. எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலைத் தந்தார். இவை இருந்தும் நம் வகுப்பறைகளில் 'ஒருவகைப் பறவை' நிலைபெற்றிருக்கிறது என்றால் குற்றம் நூலில் இல்லை, நூலைத் திறவாத நம்மிடத்தில்தான் இருக்கிறது. தமிழ்த்துறையின் வேலை பாடலுக்குப் பொருள் சொல்வதாயின், அப்பொருள் உப்பளத்தில் நிற்கும்போது துறை வகுப்பறையில் மட்டும் இருத்தல் முறையன்று. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் முதியவர்களாகி வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவிற்கும் சென்றுவிட்டனர். பறவையும் குறைந்து, பெயர் தெரிந்தவரும் குறைந்தபின் எந்த நூலைக் கொண்டு அடிக்குறிப்பு எழுதுவோம்?

மாணவர் குறித்துவந்த பெயர்களைத் துறையில் ஒரு பேரேட்டில் ஊர்வாரியாகப் பதிந்து வருகிறோம். இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து வந்து பயிலும் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டுவந்து எழுதித் தந்துள்ளனர். நம் நன்னி இருந்திருந்தால் இன்னும் நாலைந்து பெயர்கள் கிடைத்திருக்கும்.

வரும் பங்குனியிலும் செல்ல எண்ணியுள்ளோம். இருபதின்மர்க்கு இரண்டே தொலைநோக்கிகள் இருந்தமையால், செந்நிற உள்ளானைப் பார்க்கும் முறை வருவதற்குள் கூட்டம் எழுந்து பறந்துவிட்டதாகக் குறைப்பட்டோர் அறுவர். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் பழைய மாணவர்கள் தொலைநோக்கி ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து துறைக்கு அளித்தால் அவ்வறுவரையே முதலில் அழைத்துச் செல்வோம்.